‘கடலும் கிழவனும்’: ஆட்டப் பேச்சில் ஒலிக்கும் நம்பிக்கை

கதைமாந்தர் பேசும் பேச்சு இருவகைப்படும். கதையை முன்னே நடத்திச் செல்லும் பேச்சு ஒன்று. கதைக்குத் தொடர்பில்லாதது போலத் தோன்றி, அதன் உயிர்நிலையைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கும் பேச்சு மற்றொன்று. முன்னதைப் படிப்போர் எளிதில் கண்டுகொள்வர். பின்னதோ பலர் கண்ணில் படாமலே போய்விடுகிறது. எர்னெஸ்ட் ஹெமிங்வே எழுதிய ‘கடலும் கிழவனும்’ என்னும் குறுநாவலில் இடம்பெறும் பேஸ்பால் பேச்சு இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது.

1952 ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த இந்நூல் 1953 இல் புலிட்சர் பரிசைப் பெற்றது. 1954 இல் ஆசிரியருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோதும் இந்நூல் தனியே சுட்டிப் பாராட்டப்பட்டது. தமிழ் உட்பட உலக மொழிகள் பலவற்றில் இது பெயர்க்கப்பட்டுள்ளது. எண்பத்து நான்கு நாள்கள் ஒரு மீனும் கிடைக்காத கியூபா நாட்டு மீனவர் சந்தியாகோ, எண்பத்தைந்தாம் நாள் தனியே ஆழ்கடலுக்குச் செல்கிறார். பெருமீன் ஒன்றைப் பிடிக்கிறார். அதனைச் சுறாக்களுக்குப் பறிகொடுத்து எலும்புக்கூட்டோடு கரை சேர்கிறார். கதை இவ்வளவே. ஆயினும் கடலுக்குப் புறப்படுவதற்கு முந்திய மாலைப்பொழுதில் கிழவரும் அவரிடம் அன்பு கொண்ட சிறுவன் மனோலினும் பேசுவதில் பெரும்பகுதி மீனைப் பற்றியதன்று; அமெரிக்கப் பேஸ்பால் குழுக்களைப் பற்றியதாகும்.

பேஸ்பாலை அறியாத மாணவர்க்கு இந்நூலைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அப்பக்கங்களை விரைந்து கடந்துவிடத் தோன்றுவது இயல்பே. கடலும் மீனும் சுறாவும் இருக்க, யாங்கீசும் டைகர்சும் எதற்கு என்னும் வினா எழலாம். அவ்வினாவுக்கு விடை காணாமல் நூலை மூடுவோர் கிழவரின் வீரத்தைக் காண்பர். அவ்வீரம் எந்த ஊற்றிலிருந்து பெருகியது என்பதைக் காணார்.

ஆட்டத்தின் பின்னணி

அக்காலத்து அமெரிக்கப் பேஸ்பால் அமைப்பைச் சிறிதளவேனும் அறிந்தாலன்றி இப்பேச்சின் வேகம் விளங்காது. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எட்டுக் குழுக்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் இறுதிவரை ஒவ்வொரு குழுவும் 154 ஆட்டங்கள் ஆடும். பிரிவின் முதலிடத்தைப் பெறும் ஒரே ஒரு குழுதான் ‘வேர்ல்டு சீரீஸ்’ என்னும் இறுதித் தொடருக்குச் செல்லும். இரண்டாம் இடத்துக்கு மதிப்பில்லை. இக்காலத்தில் முப்பது குழுக்களுள் பன்னிரண்டு குழுக்கள் தகுதிச் சுற்றுக்குச் செல்ல வழியுண்டு. அன்றோ ஒரு சறுக்கல் ஓர் ஆண்டின் உழைப்பையே வீணாக்கிவிடும். ஆகவே, பருவத்தின் நடுவே சுவைஞர்கள் கூடிப் பேசும்போது அச்சமும் நம்பிக்கையும் மாறி மாறி எழுந்தன.

நூலில் ஆண்டு குறிக்கப்படவில்லை. எனினும் பேச்சில் வரும் குறிப்புகள் 1950 ஆம் ஆண்டையே சுட்டுகின்றன. அவ்வாண்டு அமெரிக்கன் லீகில் நியூயார்க் யாங்கீஸ், டெட்ராய்ட் டைகர்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ், கிளீவ்லாந்து இந்தியன்ஸ் ஆகிய நான்கும் நெருங்கி நின்றன. நேஷனல் லீகில் பிலடெல்பியாவும் புரூக்ளினும் போட்டியிட்டன. புரூக்ளின் குழு 1958 இல் லாஸ் ஏஞ்சலசுக்கு இடம் பெயர்ந்தது. கிளீவ்லாந்து குழு 2022 முதல் கார்டியன்ஸ் என்னும் புதுப்பெயர் பூண்டுள்ளது. கிழவர் பேசிய உலகம் இன்று வரலாறாகிவிட்டது.

கியூபா மீனவர் அமெரிக்கக் குழுக்களைப் பற்றி இவ்வளவு பேசுவாரா என்று ஐயுறுதல் வேண்டா. கியூபாவில் 1878 ஆம் ஆண்டிலேயே பேஸ்பால் லீக் தோன்றிவிட்டது. ஹவானாவில் பிறந்த அடோல்ஃபோ லூக்கே, 1923 இல் சின்சினாட்டிக் குழுவின் பந்து வீச்சாளராக 27 ஆட்டங்களில் வெற்றி கண்டவர். அமெரிக்க ஆட்டக்காரர் பலர் குளிர்காலத்தில் ஹவானாவுக்கு வந்து ஆடினர். கிழவரும் சிறுவனும் வியந்து பேசும் டிக் சிஸ்லர் அவ்வாறு வந்து ஆடியவரே. எனவே அந்த ஆட்டம் அவர்களுக்கு அயலார் ஆட்டமன்று.

ஒரே சொல், இரண்டு இடம்

இனி, பேச்சின் உட்பொருளைக் காண்போர்க்கு நூலாசிரியர் ஒரு திறவுகோலை முன்னரே தந்திருக்கிறார். கதையின் தொடக்கத்தில், தான் கிழவரின் படகை விட்டுச் சென்றது தன் தந்தையின் கட்டளையால்தான் என்று சிறுவன் வருந்திக் கூறுகிறான். தந்தைக்கு நம்பிக்கை போதாது என்கிறான். கிழவர் அதனை ஒப்புக்கொண்டு, தங்கள் இருவர்க்கும் அது உண்டல்லவா என்று கேட்கிறார். சில பக்கங்கள் சென்றபின், யாங்கீஸ் தோற்காது என்று கிழவர் கூற, கிளீவ்லாந்தை நினைத்தால் அச்சமாயிருக்கிறது என்கிறான் சிறுவன். அங்கும் கிழவர் யாங்கீஸ் மீது நம்பிக்கை வை என்றே அறிவுறுத்துகிறார். மூலத்தில் இரண்டு இடத்தும் அமைந்திருப்பது ஒரே சொல்லாகும்.

இதனைத் தற்செயல் என்று ஒதுக்குவதற்கில்லை. படகைப் பற்றிச் சொன்னதைக் கிழவர் மீண்டும் குழுவின் மேல் ஏற்றிச் சொல்கிறார். எண்பத்து நான்கு நாள் வெறுங்கையோடு திரும்பியவர், தம்மை நம்புமாறு ஒரு சிறுவனிடம் எவ்வாறு வாய்விட்டுக் கேட்பார்? தன்மானம் இடந்தராது. ஆகவே யாங்கீசை நம்புமாறு கேட்கிறார். கருப்பொருளைக் கூறி, கூறாத பொருளை உணரவைக்கும் உள்ளுறை என்னும் மரபு தமிழ் மாணவர் அறிந்ததே. இங்குள்ளது முற்றிலும் அதுவே என்று கூற இயலாதெனினும், வெளிப்படச் சொல்ல நாணும் நெஞ்சம் வேறொன்றைச் சொல்லித் தன்னை உணர்த்தும் பாங்கு இரண்டுக்கும் பொதுவாகும்.

சிறுவன் டெட்ராய்டுக்கும் அஞ்சுவதாகக் கூறியதும், இப்படியே போனால் சின்சினாட்டிக்கும் சிகாகோவுக்கும்கூட அஞ்சத் தொடங்கிவிடுவாய் என்று கிழவர் எச்சரிக்கிறார். இங்கே மெல்லிய நகை ஒன்று ஒளிந்துள்ளது. சின்சினாட்டிக் குழு நேஷனல் லீகைச் சேர்ந்தது. யாங்கீசின் முதலிடத்தைப் பறிக்க அதனால் இயலவே இயலாது. அச்சத்துக்கு இடங்கொடுத்தால், தன் வழியில் குறுக்கிடவே முடியாத ஒன்றையும் மனிதன் அஞ்சுவான் என்பதே அந்நகையின் கருத்து. ஆட்டத்தின் அமைப்பை அறியாதவர்க்கு இந்நயம் கிட்டாது.

தோல்வியை எடைபோடும் முறை

உணவு உண்ணும்போது பேச்சு மீண்டும் தொடர்கிறது. கிழவரிடம் உள்ளது நேற்றைய செய்தித்தாள். சிறுவனிடம் உள்ளது இன்றைய செய்தி. யாங்கீஸ் இன்று தோற்றுவிட்டது என்கிறான் அவன். கிழவர் கலங்கவில்லை. அந்தத் தோல்விக்குப் பொருளே இல்லை. மாபெரும் டிமாஜியோ தம் பழைய ஆற்றலை மீண்டும் பெற்றுவிட்டார் என்று கூறுகிறார்.

இது வெறும் பிடிவாதமா என்று ஆராய்தல் தகும். 1950 இல் ஜோ டிமாஜியோவுக்கு வயது முப்பத்தைந்து. குதிகாலில் வளர்ந்த எலும்பு முள்ளால் 1949 ஆம் ஆண்டில் முதல் 65 ஆட்டங்களை இழந்தவர் அவர். 1950 ஆகஸ்டில் ஆட்டத்திறன் குன்றிச் சில நாள்கள் ஆடாமல் அமர்ந்திருந்தார். ஆனால் செப்டம்பர் 10 ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் மூன்று ‘ஹோம் ரன்’ அடித்தார். கிழவரின் கூற்றுக்கு இவ்வாறு சான்று இருந்தது. ஒருநாள் முடிவைக் கொண்டு அவர் பருவத்தை எடைபோடவில்லை. முடிவுக்குப் பின்னாலுள்ள ஆற்றலைக் கண்டு எடைபோட்டார். எண்பத்து நான்கு நாள் முடிவுகளைக் கொண்டு தம்மை எடைபோட்ட ஊராருக்கு அவர் கூறாமற் கூறிய மறுமொழியும் அதுவே.

இப்பகுதியில் கிழவர் திறனாய்வாளராகவும் விளங்குகிறார். குழு மேலாளருள் மெக்ராவே தலைசிறந்தவர் என்பது தன் தந்தையின் கருத்து என்கிறான் சிறுவன். மெக்ராவ் இவ்வூருக்குப் பலமுறை வந்ததே அக்கருத்துக்குக் காரணம் என்றும், வேறொருவர் ஆண்டுதோறும் வந்திருந்தால் தந்தை அவரையே தலைசிறந்தவர் என்றிருப்பார் என்றும் கிழவர் விளக்குகிறார். நேரிற் கண்டதனாலேயே ஒன்றைப் பெரிதென்று கொள்ளும் குறை ஆட்டச் சுவைஞர்க்கு மட்டும் உரியதன்று. இலக்கியச் சுவைஞர்க்கும் உண்டு. லூக்கே, மைக் கொன்சாலஸ் ஆகிய கியூபா நாட்டு மேலாளர் இருவருள் உயர்ந்தவர் யார் என்ற வினாவுக்கு, இருவரும் ஒப்பானவர் என்று விடை தருகிறார். அப்பொழுதுதான் சிறுவன், மீனவருள் தலைசிறந்தவர் நீங்களே என்று சொல்லிவிடுகிறான். தரவரிசை பற்றிய பேச்சு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தை நோக்கியே நடந்து வந்திருக்கிறது. கேட்க நாணியதைக் கேளாமலே பெற்றுக்கொள்கிறார் கிழவர்.

விடுபட்ட பந்து வீச்சாளர்

நூலின் சிறப்பை மட்டும் கூறி அமைவது திறனாய்வின் கடமையை முடித்ததாகாது. குழுவில் வேறு ஆட்டக்காரரும் உள்ளனரே என்று சிறுவன் நினைவூட்டும்போது, வேற்றுமையை உண்டாக்குபவர் டிமாஜியோவே என்று கிழவர் கூறிவிடுகிறார். உண்மை வரலாறு இதனை முழுதும் ஏற்கவில்லை. 1950 இல் யாங்கீசின் வலிமைக்குப் பந்து வீச்சே பெருந்தூணாய் நின்றது. விக் ராஷி 21 வெற்றியும், எட் லோப்பட் 18 வெற்றியும், ஆலி ரெனால்ட்ஸ் 16 வெற்றியும் ஈட்டினர். பருவத்தின் நடுவே வந்து சேர்ந்த இளைஞர் ஒயிட்டி ஃபோர்டு 9 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டுமே தோற்றார். லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் டிமாஜியோவுக்குச் செல்லவில்லை. அதே குழுவின் ஃபில் ரிசுட்டோவுக்குச் சென்றது. இவர்களுள் ஒருவர் பெயரும் கிழவர் வாயில் வரவில்லை.

தனியொருவரின் பேராற்றலையே போற்றும் ஹெமிங்வேயின் நோக்கு இங்கே வெளிப்படுகிறது. பலர் கூடி ஆடும் ஆட்டத்தையும் அவர் ஒருவரின் போராட்டமாக்கிவிடுகிறார். இது குறையே. ஆயினும் அக்குறைக்கும் நூல் தன்னுள்ளேயே ஒரு திருத்தத்தை வைத்துள்ளது. கடலில் தனித்துப் போராடும் கிழவர், சிறுவன் உடனிருந்தால் நன்றாயிருக்குமே என்று மீண்டும் மீண்டும் ஏங்குகிறார். டிமாஜியோ ஒருவரே போதும் என்று கரையில் பேசியவருக்கு, ஒருவர் போதாது என்பதைக் கடல் கற்பிக்கிறது.

கரையிலிருந்து கடலுக்கு

அப்பேச்சு கரையோடு நின்றிருந்தால் அதனை அணி என்று கொள்ளலாம். அது கிழவருடன் படகில் ஏறிச் செல்கிறது. ஆட்டங்களின் முடிவு தெரியாமல் இரண்டு நாள் கழிந்துவிட்டதே என்று நடுக்கடலில் எண்ணுகிறார். தூண்டிற்கயிறு கைகளை அறுக்கும் வேளையில், குதிகால் முள்ளின் வலியோடும் யாவற்றையும் செம்மையாகச் செய்யும் டிமாஜியோவுக்குத் தாம் தகுதியுடையவராய் இருத்தல் வேண்டும் என்று தமக்குத்தாமே கூறிக்கொள்கிறார். டிமாஜியோவின் தந்தையும் மீனவர்; அதனால் அவர் தம்மைப் புரிந்துகொள்வார் என்பது கிழவரின் எண்ணம். இவ்வாறு நேற்றைய செய்தித்தாளில் படித்த ஒரு பெயர், மருந்தற்ற இடத்தில் மருந்தாகிறது.

கிழவரின் கணிப்புகள் பலித்தனவா? 1950 பருவ முடிவில் யாங்கீஸ் 98 வெற்றிகளுடன் முதலிடம் பெற்றது. டெட்ராய்ட் 95 வெற்றிகளுடன் பின்தங்கியது. மற்றைய லீகில் கிழவர் புரூக்ளினைத் தேர்ந்தார். ஆயினும் சிஸ்லரின் வலிமை மிக்க அடிகள் அவர் நெஞ்சில் நின்று உறுத்தின. அந்த ஐயமே வென்றது. அக்டோபர் 1 ஆம் நாள், பருவத்தின் கடைசி ஆட்டத்தின் பத்தாம் சுற்றில், அதே சிஸ்லர் அடித்த ஹோம் ரன் புரூக்ளினை வீழ்த்திப் பிலடெல்பியாவை முதலிடத்தில் வைத்தது. இறுதித் தொடரில் யாங்கீஸ் நான்கு ஆட்டங்களிலும் வென்றது. பந்து வீச்சின் வன்மையால் பிலடெல்பியா அந்நான்கிலும் சேர்த்து ஐந்து ஓட்டங்களே எடுத்தது. இரண்டாம் ஆட்டத்தின் வெற்றியைத் தீர்மானித்ததோ பத்தாம் சுற்றில் டிமாஜியோ அடித்த ஹோம் ரன்.

இம்முடிவுகளுள் ஒன்றையும் நூல் கூறவில்லை. கூறாமல் விட்டதே அதன் பெருமை. நம்பிக்கை என்பது முடிவு தெரிந்தபின் தோன்றுவதன்று. முடிவு தெரியாதபோது கைக்கொள்வது. பருவத்தின் நடுவில் நிற்கும் சுவைஞனும், எண்பத்து நான்காம் நாள் மாலையில் நிற்கும் மீனவனும், தேர்வுக்கு முன் நிற்கும் மாணவனும் இவ்வகையில் ஒரே நிலையினர்.

கதையின் இறுதியில், யாவற்றையும் இழந்து, கைகள் புண்ணாகிக் குடிசையில் கிடக்கும் கிழவர் சிறுவனிடம் கேட்கும் பொருள்களுள் ஒன்று கருதத்தக்கது. தாம் ஊரில் இல்லாத நாள்களின் செய்தித்தாள்களைக் கொண்டுவரச் சொல்கிறார். அது சிறு வேண்டுகோள். விரைந்து படிப்போர் கவனியாமல் கடந்துவிடுவர். தோல்வியுற்ற ஒருவர் உலகின் மீது இன்னும் ஆவலோடு இருக்கிறார் என்பதற்கு அதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. அச்செய்தித்தாள்களில் அவர் முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார் என்பதை அந்த மாலைப் பேச்சைக் கவனமாகப் படித்த மாணவன் அறிவான்.