படமே கதை: சொல்லற்ற சிறார் நூல்களின் வழிகள்

சேர்வராயன் மலையில் ஒரே பனிக்குள் இரண்டு வகைப் பள்ளிகள் நடக்கின்றன. 1917-இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் போன்ற ஏற்காட்டு உறைவிடப் பள்ளிகளுக்கு வெளியூர்களிலிருந்து பிள்ளைகள் வந்து தங்கி, ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். உள்ளே தள்ளியிருக்கும் மலைக் கிராமங்களில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். அங்கே பெரும்பாலும் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். முதல் வகைப் பள்ளி நூலகத்தின் கதைப் புத்தகத்தை இரண்டாம் வகைப் பள்ளியில் கொண்டுபோய் வைத்தால், அது அட்டை கசங்காமல் அலமாரியிலேயே இருக்கும். எழுத்தே இல்லாத படநூலுக்கு அந்தக் கதி இல்லை. இரண்டு இடத்திலும் அதே வேகத்தில் பக்கம் புரளும். எந்த இடத்துப் பிள்ளை அதிகம் கண்டுபிடிக்கும் என்பதை மதிப்பெண் பட்டியலை வைத்துச் சொல்லிவிட முடியாது.

சொல்லற்ற படநூல் என்றால், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குக் காட்டும் பொம்மைப் புத்தகம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2023-இல் வந்த வாசிப்பு இயக்கம் தன் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று அழகாகப் படிநிலை பிரித்தது. சொல்லற்ற நூலைக் கையில் கொடுத்தால் பலரும் அதை ‘நுழை’க்கும் முன்னால் வாசற்படியில் வைப்பார்கள். உண்மையில் அது நான்கு படிகளிலும் இருக்க வேண்டியது. அதற்குச் சாட்சி தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை, மாமல்லபுரம் வரை போனால் போதும்.

அங்கே இரண்டு பெரும்பாறைகளின் முகத்தில் பல்லவர் செதுக்கிய பெருஞ்சிற்பத் தொகுதியில் கதையைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றும் இல்லை. ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கும் தவசி அர்ச்சுனன் என்று ஒரு கட்சி, பகீரதன் என்று இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை. வரம் தரும் சிவனைக் காட்டி முதல் கட்சி பேசும். நடுப்பிளவில் நெளியும் நாகர்களையும், மேலே தண்ணீர் தேக்கிவிட்டதற்கான தடயத்தையும் காட்டி இரண்டாம் கட்சி பேசும். இரண்டு தரப்பும் கல்லைத் தொட்டுத்தான் வாதாடுகின்றன, வெறும் ஊகமாக யாரும் பேசவில்லை. பிள்ளைகளோ இந்த வழக்கைப் பொருட்படுத்தாமல் கீழே யானையருகே போய்விடுகிறார்கள். அங்கே ஒரு பூனை பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே நிற்கும் தவசியைப் போலவே தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். பூனைக்கு விலா எலும்பு தெரிகிறது, எலிகளிடம் பயம் தெரியவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நல்ல சொல்லற்ற நூலுக்கு முதல் அளவுகோலை இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்ல இடம் இருக்க வேண்டும். இருவருக்கும் படத்தில் விரல் வைத்துக் காட்ட ஆதாரமும் இருக்க வேண்டும். இடம் இருந்து ஆதாரம் இல்லையென்றால் அது புதிர். ஆதாரம் இருந்து இடம் இல்லையென்றால் அது மருந்துச்சீட்டில் போடும் விளக்கப்படம்.

ஆனாலும் நம் மரபு முழுக்க மௌனமானது என்று பெருமை பேச முடியாது. தாராசுரத்தில் நாயன்மார் கதைச் சிற்பங்களுக்குப் பெயர் பொறித்திருக்கிறார்கள். திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தின் முசுகுந்தன் ஓவியங்களில் காட்சிக்குக் காட்சி தமிழில் குறிப்பு ஓடுகிறது. படம் வரைந்தவருக்கே அது போதும் என்ற நம்பிக்கை வரவில்லையோ, எழுதச் சொன்னவர்தான் விடவில்லையோ. அந்தப் பழக்கம் அச்சிலும் தொடர்ந்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து ‘இரும்புக்கை மாயாவி’யோடு கிளம்பிய முத்து காமிக்ஸ், பின்னால் 1984-இல் வந்த லயன் காமிக்ஸ் எல்லாம் வளர்த்த வாசகர் கூட்டம் வசனத்தில் ஊறிய கூட்டம். பேச்சுப் பலூன் இல்லாத கட்டத்தை அவர்கள் ஒரே தாவில் தாண்டிவிடுவார்கள்.

விதிவிலக்காக நின்றவர் கோபுலு. ஆனந்த விகடனில் அவர் போட்ட வசனமில்லாத நகைச்சுவைப் படங்களில் ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு குடை, ஒரு மாமியின் புருவம் இவ்வளவே சாமான். சிரிப்பு கடைசிக் கட்டத்தில் தானாக வெடிக்கும். ‘தில்லானா மோகனாம்பாள்’ சித்திரங்களுக்காகக் கோபுலுவைக் கொண்டாடியவர்கள், இந்தத் துணுக்குகளைப் பக்கம் நிரப்பும் சரக்காக நினைத்தது அநியாயம். படத்தொடரில் எதைக் காட்ட வேண்டும், எந்த நொடியை வாசகருக்கு விட்டுவிட வேண்டும் என்ற கணக்கைத் தமிழில் அவரளவுக்குப் போட்டவர் குறைவு. அம்புலிமாமாவின் புகைப்படப் போட்டியையும் இந்த வரிசையில் வைக்கலாம். இரண்டு படங்களை அச்சிட்டு, பொருத்தமான தலைப்பை வாசகரே எழுதி அனுப்பச் சொன்ன பகுதி அது. படம் உன்னுடையது இல்லை, சொல் உன்னுடையது என்ற ஒப்பந்தத்துக்கு எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் தபால் அட்டையில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

கோபுலுவுக்கு ஐரோப்பாவில் ஒரு பங்காளி உண்டு. 1934 முதல் 1937 வரை பெர்லின் வார இதழ் ஒன்றில் வந்த ‘அப்பாவும் மகனும்’. வழுக்கைத் தலை, புதர் மீசை அப்பா; பரட்டைத் தலை மகன்; பேச்சில்லாத குறும்பு. வரைந்தவர் எரிக் ஓசர். நாஜிகளைக் கேலி செய்து முன்பு வரைந்ததால் சொந்தப் பெயரில் வரைய முடியாமல், பிளாவன் என்ற ஊர்ப் பெயரைப் புனைபெயரில் சேர்த்துக்கொண்டார். 1944-இல் கைதாகி, விசாரணைக்கு முன்பே சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். குழந்தைகள் இன்றும் விழுந்து விழுந்து சிரிக்கும் அந்தப் படங்களின் மௌனத்தில் கட்டாயத்துக்கும் ஒரு பங்கு இருந்தது.

மரக்கட்டையில் செதுக்கி நாவல் செய்த பெல்ஜியத்து மாசரீலும் அமெரிக்காவின் லிண்ட் வார்டும் பெரியவர்களுக்கானவர்கள். வணக்கம் சொல்லி நகரலாம். சிறுவர் உலகில் வேரூன்றிய வழிகளில் ஒன்று தேடிப் பார்க்கும் வழி. 1977-இல் ஜப்பானின் மிட்சுமாசா அன்னோ ஐரோப்பிய ஊர்களின் ஊடே ஒரு குதிரைக்காரனை அனுப்பினார். பக்கத்துக்குப் பக்கம் எறும்பளவு மனிதர்கள். ஓட்டப்பந்தயம், சண்டை, கல்யாணம், நடுவே பழைய ஓவியங்களிலிருந்து தப்பி வந்த உருவங்கள். கதாநாயகன் பேருக்குத்தான், ஊர்தான் கதை. இந்த வழியின் பலவீனமும் அதுவே. சோம்பேறி ஓவியர் கையில் அது வெறும் கூட்டமாகிவிடும்.

அதற்கு நேர்மாறானது கொரியாவின் சூசி லீ 2008-இல் தந்த ‘அலை’. இடப்பக்கத்தில் கரிக்கோட்டில் ஒரு சிறுமி, வலப்பக்கத்தில் நீலக் கடல், நடுவில் புத்தகத்தின் மடிப்பு. முதலில் அலை மடிப்பைத் தாண்டி வருவதில்லை. சிறுமி அந்தத் தைரியத்தில் கடலைப் பார்த்துப் பழிப்புக் காட்டுகிறாள். பிறகு கையை நீட்டும்போது கை மடிப்புக்குள் காணாமல் போகிறது. அச்சகத்துக்காரர் பார்த்தால் பிழை என்று தாளைத் திருப்பி அனுப்பியிருப்பார். கடைசியில் அலை இடப்பக்கத்திலும் வந்து அறைந்துவிட்டுப் போக, அதுவரை வெளுத்துக் கிடந்த வானத்திலும் சிறுமியின் பாவாடையிலும் நீலம் ஒட்டிக்கொள்கிறது. தைத்துக் கட்டிய தாளை வைத்தே கதை சொல்லும் இந்த வழியைத் திரையில் காட்டினால் பாதி செத்துப்போகும். கைப்பேசியில் படக்கதை காட்டும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

சினிமாவின் வழி வேறு. அமெரிக்காவின் டேவிட் வீஸ்னர், கரை ஒதுங்கிய பழைய நீரடிக் கேமராவை ஒரு பையன் கையில் கொடுக்கிறார். கழுவிய படச்சுருளில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் படத்தைப் பிடித்திருக்கிறது, அந்தப் படத்துக்குள் இன்னொரு பிள்ளை. உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கப் பார்க்க நூறாண்டு பின்னால் போகிறது. தூரக்காட்சி, அண்மைக்காட்சி, வெட்டு எல்லாம் படப்பிடிப்புக் கணக்கு. இதே வழியில் நாவலின் கனத்துக்குப் போனது ஷான் டான் 2006-இல் செய்த ‘வருகை’. பிழைக்கப்போன நாட்டில் நாயகனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. எழுத்து தெரியாததால் எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டிவிடுகிறான். அந்த நாட்டு எழுத்து ஆசிரியர் கற்பனையில் உண்டாக்கியது, ஆகவே நாமும் அவனோடு சேர்ந்து எழுத்தறியாதவர் ஆகிறோம். ஷான் டானின் தந்தை மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியா போனவர். கடல் கடந்து பிழைத்த குடும்பம் இல்லாத தமிழ் ஊர் ஏது? இந்தப் புத்தகம் மேல்நிலை வகுப்புகளில் இருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு வந்தால், நேஷனல் புக் டிரஸ்டுக்காக மஞ்சுளா பத்மநாபன் 1980களில் வரைந்த நகரச் சந்தைப் புத்தகம் முன்னோடிகளில் ஒன்று. சென்னையின் இரண்டு பதிப்பகங்கள் இரண்டு திசையில் போயின. தூலிகா 2017-இல் வெளியிட்ட ப்ரியா குரியனின் ‘அம்மச்சியின் கண்ணாடி’ கோபுலுவின் திண்ணைக்குப் பக்கத்து வீடு. மூக்குக்கண்ணாடி தொலைந்த கேரளப் பாட்டி ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொண்டு வீட்டை இரண்டாக்கும் அமளி. 1994-இல் தொடங்கிய தாரா, கைவினையின் பக்கம் போனது. பிரான்சின் ஜோயெல் ஜொலிவே ஓர் இந்தியக் கடற்கரையை வரைந்தார். மடிப்பு மடிப்பாக விரியும் அந்தப் புத்தகத்தின் ஒரு புறம் பகல், மறுபுறம் இரவு. வங்கத்துப் பட்டுவா ஓவியர் மொய்னா சித்ரகாரின் சுருள்களிலிருந்தும் தாரா நூல் செய்தது. அந்தச் சுருளில் எழுத்து கிடையாது. சுருளைப் பிரித்து விரல் வைத்துப் பாடுகிறவர் வாயில்தான் சொல் இருக்கிறது. சுருளைப் புத்தகமாக்கும்போது பாட்டையும் அச்சில் ஏற்றிவிட்டார்கள். நியாயம்தான், பாடுகிறவரை உறையில் போட்டு அனுப்ப முடியாதே. பிளாஃப்ட் 2009-இல் வெளியிட்ட அப்புப்பெனின் ‘மூன்வார்ட்’ போன்றவை வளர்ந்தவர்களின் அலமாரிக்கு.

இவ்வளவு இருந்தும் இந்த வகை நூல்கள் ஏன் விரல் விட்டு எண்ணும்படி இருக்கின்றன? செலவுக் கணக்கு இதற்குச் சாதகமானதே. பல மொழிகளில் வரும் படநூலுக்கு வண்ணத்தகடுகளை ஒரு முறை ஓட்டி, எழுத்துக்கான கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவார்கள். சொல்லற்ற நூலுக்கு அந்த மாற்றம்கூட வேண்டாம். அட்டை தவிர எல்லாம் ஒரே ஓட்டம், மொழிபெயர்ப்பாளர் சம்பளமும் மிச்சம். தடை வாங்கும் கையில் இருக்கிறது. ‘படிக்க ஒண்ணுமே இல்லையே, இதுக்கா இவ்வளவு விலை’ என்று புத்தகக் காட்சியில் அப்பா கேட்பார். பிள்ளை அதற்குள் மூன்றாம் முறை பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளிகளின் கொள்முதல் குழுக்களும் ‘எந்த வகுப்புக்கு’ என்ற கட்டத்தை நிரப்ப முடியாமல் ஒதுக்கிவிடுகின்றன.

அகதிகள் வந்திறங்கும் இத்தாலியத் தீவான லாம்பெடூசாவில், பன்னாட்டுச் சிறார் நூல் அமைப்பான இப்பி 2012-இல் சொல்லற்ற நூல்களைத் திரட்டத் தொடங்கியபோது இந்தக் கட்டத்தை நிரப்பும் அவசியமே எழவில்லை. தீவுப் பிள்ளைகளுக்கும் படகில் வந்த பிள்ளைகளுக்கும் பொதுமொழி இல்லை, ஆகவே இந்த நூல்கள் தேவைப்பட்டன. வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் பெருகிவரும் தமிழக ஊர்களின் நூலகங்களுக்கும் அதே தேவை வந்துவிட்டது.

வகுப்பறையில் இந்த நூலைக் கெடுக்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘இது என்ன, சொல்லு’. பிள்ளை ‘பூனை’ என்று சொல்லி, பரீட்சை முடிந்தது என்று வாயை மூடிக்கொள்ளும். ‘அப்புறம்?’ என்று கேட்கும் ஆசிரியருக்குக் கதை கிடைக்கும். நூலின் கடைசிப் பக்கத்தில் கதைச் சுருக்கத்தை அச்சிடும் பதிப்பாளரும் அந்த முதல் கேள்வியின் கட்சிதான்.

ஏற்காட்டைப் பற்றி மடிப்பு மடிப்பாக விரியும் சொல்லற்ற நூல் ஒன்று வேண்டுமென்றால் பொருள் சாலையோரத்திலேயே கிடக்கிறது. சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு வளைவு. ஒரு புறம் ஏற்றம்: கீழே புழுக்கம், குரங்குகள், பேருந்து சன்னலில் வாந்தி எடுக்கும் பிள்ளை, மேலே போகப் போகச் சில்வர் ஓக் மர நிழலும் அதில் ஏறும் மிளகுக்கொடியும். மறுபுறம் காப்பியின் ஓராண்டு: கோடை மழைக்கு மறுவாரம் வெள்ளைப் பூ, பச்சைக் காய், குளிரில் சிவக்கும் பழம், கூடையோடு பறிப்பவர்கள், களத்தில் காயும் கொட்டை. மே மாதம் குகைக் கோயில் சேர்வராயனுக்குத் திருவிழா. இதில் சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு ஏரியும் படகும் போதும். மலைக் கிராமத்துப் பிள்ளையைக் கேட்டால் எந்த வளைவில் பேருந்து நிற்கும், எந்த வளைவில் கைகாட்டினாலும் நிற்காது என்பதில் ஆரம்பிக்கும். நீளத் தாளை மடித்து ஒட்டிக் கொடுப்பது காலண்டர் அடிக்கும் சிவகாசிக்குப் பெரிய வேலையில்லை; ஓவியர் ஓராண்டு மலையில் தங்க வேண்டியிருக்கும், அதற்கான பணத்தை யார் கொடுப்பது என்பதுதான் பாக்கி.