பிழையை ஒப்புக்கொள்ளும் அறிவு: ரீட் ரிச்சர்ட்ஸும் டாக்டர் டூமும்

சித்திரக்கதைகளைச் சிறுவர் பொழுதுபோக்கென்று கற்றோர் ஒதுக்கிய காலம் கடந்துவிட்டது. ஒரு சமுதாயம் எதனை அறிவென்று போற்றுகிறது, எதனைப் பேதைமையென்று அஞ்சுகிறது என்பதை அதன் வெகுசன இலக்கியம் பல வேளைகளில் ஒளிவின்றிக் காட்டிவிடுகிறது. அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1961 முதல் வெளியிட்டுவரும் ‘ஃபன்டாஸ்டிக் ஃபோர்’ என்னும் தொடரை இந்நோக்கில் படிப்பது பயனுடையது. அதன் நாயகன் ரீட் ரிச்சர்ட்ஸ், அவனுடைய தீராப் பகைவன் டாக்டர் டூம் ஆகிய இருவருள் பேரறிவாளன் யார் என்னும் வினா, அத்தொடரின் வாசகரிடையே தலைமுறைகளாக வழங்கிவருகிறது.

இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விடையொன்று உண்டு. அறிவில் இருவரும் நிகரானவர். டூமின் அகந்தையே அவனைக் கெடுத்தது என்பதே அது. இவ்விடை அறிவையும் பண்பையும் இரு வேறு அறைகளில் வைத்துப் பூட்டிவிடுகிறது. அறிவு மூளையைச் சார்ந்தது, அகந்தை மனத்தைச் சார்ந்தது. ஆகவே ஒன்றின் குறை மற்றொன்றைத் தொடாது என்று அது கருதுகிறது. இக்கருத்து சரிதானா என்பதைக் கதைகளைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரண்டு கணக்குகள்

ஸ்டேன் லீயும் ஜாக் கிர்பியும் படைத்த முதல் இதழ் 1961 நவம்பர் என்னும் தேதியைத் தாங்கியது. யூரி ககாரின் விண்வெளி சென்று திரும்பிய ஆண்டு அது. பொதுவுடைமை நாடுகள் முந்திவிடுமோ என்னும் அவசரத்தில் ரீட் தன் விண்கலத்தைச் செலுத்த முற்படுகிறான். அண்டக் கதிர்களின் விளைவு இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை என்று அவனுடைய நண்பனும் விமானியுமான பென் கிரிம் எச்சரிக்கிறான். அவ்வெச்சரிக்கை கோழைத்தனம் எனப் பழிக்கப்படுகிறது. கலம் புறப்படுகிறது; கதிர்கள் நால்வரையும் தாக்குகின்றன. மற்ற மூவரும் வியத்தகு ஆற்றல்களைப் பெற்று மனித உருவுக்கு மீள இயலுகிறது. பென் மட்டும் கல்போன்ற கொடிய உருவத்தினுள் சிறைப்படுகிறான்.

டூம் 1962இல் வெளிவந்த ஐந்தாம் இதழில் அறிமுகமாகிறான். அவனுடைய வாழ்க்கை வரலாறு 1964ஆம் ஆண்டின் இரண்டாம் ஆண்டுமலரில் விரிவாகக் கூறப்படுகிறது. விக்டர் வான் டூம், லாட்வேரியா என்னும் கற்பனை நாட்டில் நாடோடி இனத்தில் பிறந்தவன். கல்வி உதவி பெற்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு வருகிறான். அங்கே ரீட், அவனுடைய தாள்களில் இருந்த கணக்கில் பிழை காண்கிறான், அதனைச் சொல்கிறான். விக்டர் செவிகொடுக்கவில்லை. பொறி வெடிக்கிறது, அவன் முகம் காயமடைகிறது, பல்கலைக்கழகம் அவனை வெளியேற்றுகிறது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது. இருவரும் கணக்கில் தவறினர். இருவரும் முன்னரே எச்சரிக்கப்பட்டனர். இருவரும் அவ்வெச்சரிக்கையைத் தள்ளினர். அந்த நிலைவரையில் ரீட் எவ்வகையிலும் டூமை விஞ்சியவன் அல்லன். தன் பிழையால் தன் முகத்தையே கெடுத்துக்கொண்டவன் டூம். ரீட் தன் நண்பனின் உடலைக் கெடுத்தான். பழியின் பாரம் ரீட்டின் மேலேயே மிகுதி எனலாம்.

2. முகமூடியும் நண்பனும்

வேறுபாடு அதன் பின்னரே தொடங்குகிறது. தன் கணக்கில் பிழையில்லை என்றும், தன் அழிவுக்கு ரீட்டே காரணன் என்றும் டூம் நம்பத் தலைப்படுகிறான். திபெத்தின் துறவிகளிடம் மறைபொருள் கற்று, அங்கே இரும்புக் கவசம் செய்வித்து, முற்றிலும் ஆறாத முகமூடியைத் தன் முகத்தின்மேல் பதித்துக்கொள்கிறான். அந்தத் தழும்பு உண்மையில் மிகச் சிறியதாகவே இருந்திருக்கலாம் என்று ஓவியர் கிர்பி கருதியதாக அறிகிறோம். அவ்வாறாயின், பிழையைவிட அதனை மறைக்கச் செய்த முயற்சியே அவனுடைய முகத்தை மிகுதியாகக் கெடுத்தது என்றாகிறது.

ரீட்டின் பிழையோ அவனுடைய வீட்டிலேயே குடியிருக்கிறது, அவனுடன் உணவருந்துகிறது, சினங்கொள்ளும்போது மேசையை உடைக்கிறது. பென்னைப் பழைய உருவுக்கு மீட்க ரீட் ஆண்டுக்கணக்கில் முயல்கிறான். மீண்டும் மீண்டும் தோற்கிறான். எனினும் தன் தவற்றைத் தன்னுடையதன்று என்று அவன் சொன்னதில்லை. ஒருவன் தன் பிழையை இரும்பினால் மூடினான்; மற்றவன் அதனோடு கூடி வாழ்ந்தான்.

இங்கே அகந்தை வெறும் நடத்தைக் குறையாக நிற்கவில்லை. தன் கணக்குச் சரியானது என்று நம்புகிறவன், தவறான கணக்கின் மேலேயே அடுத்த கணக்கை எழுப்புகிறான். பிழையான ஒரு செய்தியை உண்மையென்று கொண்டு தன் முழு வாழ்வையும் அதன்மேல் கட்டியவன், எத்துணை நுண்மதி படைத்தவனாயினும், அவ்வளவில் அறியாதவனே. ஆதலால் டூமின் அகந்தை அவனுடைய அறிவினுள்ளேயே இருக்கும் ஓட்டையாகும்.

3. டூமின் சார்பில்

நடுநிலை தவறாமல் ஆராய்வோர் டூமின் சார்பிலும் சில கூறவேண்டும். பரப்பினால் மட்டும் அளப்பின் அவனுடைய அறிவே பெரிது. ரீட் அறிவியல் ஒன்றில் வல்லவன். டூம் அறிவியலோடு மந்திரக் கலையையும் கற்றவன். 1984இல் வெளிவந்த கதையில் ரீட்டின் மனைவி சூவின் இரண்டாம் மகவு இறந்து பிறக்கிறது. அதனைத் தடுக்க ரீட்டினால் இயலவில்லை. 2002இல் எழுதப்பட்ட கதையில் அதே இடர் மீண்டும் நேரும்போது தாயையும் சேயையும் காப்பவன் டூமே. வலேரியா என்று அக்குழந்தைக்குப் பெயரிடும் உரிமையையும் அவனே கேட்டுப் பெறுகிறான்.

மேலும், அந்தப் பல்கலைக்கழக அறையில் யார் யாரைத் திருத்தினார் என்பதையும் நோக்கவேண்டும். ரீட் செல்வக் குடும்பத்தில் பிறந்தவன். விக்டர் தாய் தந்தையரை இழந்தவன். ஆள்வோரால் வேட்டையாடப்பட்ட ஓர் இனத்தின் மகன். அவனுடைய தந்தை, மகனைக் காக்கும் பொருட்டுப் பனியில் உறைந்து மாண்டவர். அத்தகையவனுடைய தாள்களை அவனுடைய இசைவின்றிப் பார்த்துவிட்டே ரீட் பிழையைச் சுட்டுகிறான். சொன்னது உண்மை, சொன்ன முறை எளியவன் ஒருவனைப் புண்படுத்தக்கூடியது. பிறரைத் திருத்துவதையே பணியாகக் கொண்ட நாம் இக்காட்சியை விரைந்து கடந்துவிடலாகாது. சரியான திருத்தமும், வலியவர் வாயிலிருந்து வரும்போது, எளியவர் செவியில் இழிவுரையாக ஒலிக்கக்கூடும். ஆயினும் இழிவுற்றோம் என்னும் உணர்வு பிழையான எண்ணைச் சரியாக்கிவிடாது. விக்டருக்கு நேர்ந்த அவலம் இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டதே.

4. அறியேன் என்னும் சொல்

மார்க் வெய்ட் எழுதி மைக் வியரிங்கோ வரைந்து, 2003இல் ஐந்நூறாம் இதழோடு நிறைவுற்ற கதை நம் வினாவுக்கு நேரடியாக விடை தருகிறது. அறிவியலில் ரீட்டை வெல்ல இயலாதென்று கண்ட டூம், தன் இளமைக்காதலியையே பலியிட்டு மந்திர ஆற்றல் பெறுகிறான். ரீட்டை மந்திர நூல்கள் நிறைந்த ஓர் அறையில் அடைக்கிறான். அக்கலையைக் கற்றாலன்றி அவன் வெளியேற முடியாது. எதனையும் பகுத்தாய்ந்து விளக்கம் காணும் ரீட்டுக்கு அந்நூல்களில் ஓர் எழுத்தும் வசப்படவில்லை. இறுதியில், டாக்டர் ஸ்டிரேஞ்சின் வழிகாட்டுதலால், தனக்கு இது விளங்கவில்லை, தான் இதில் பேதையே என்று அவன் மனமார ஒப்புக்கொள்கிறான். அக்கணமே கதவு திறக்கிறது.

டூமோ, தன் ஆற்றல் தன்னுடையதேயன்றிப் பிறர் தந்ததன்று என்று செருக்குடன் உரைக்கிறான். அதனை அளித்த தீய சக்திகளே அவனைப் பாதாளத்துக்கு இழுத்துச் செல்கின்றன. வெளியேற வேண்டியவன் வெளியேறியது, அறியேன் என்று சொல்லக் கற்றதனால்; வென்றவன் வீழ்ந்தது, அச்சொல்லைச் சொல்ல மாட்டாமையால்.

5. நாயகனின் வீழ்ச்சி

இதனால் ரீட் நிரந்தரமாகப் பணிவுடையவன் என்று முடிவுகட்டுவது பிழையாகும். 2006-07இல் வெளிவந்த ‘சிவில் வார்’ கதையில் அவன் தன் கணக்கின்மேல் கொண்ட உறுதியால் அரசின் பதிவுச் சட்டத்தை ஆதரிக்கிறான். எதிர்த்த தோழர்களை அடைக்க வேற்றுலகில் ஒரு சிறை எழுப்பப்படுகிறது. அவன் பிறரோடு சேர்ந்து உருவாக்கிய தோரின் போலியுரு, பில் ஃபாஸ்டரைக் கொன்றுவிடுகிறது. மனைவி சூ அவனை விட்டு நீங்குகிறாள். கணக்கு அவனிடம் இருந்தது. கேட்கும் செவி இல்லை. அக்கதையில் ரீட்டின் முகத்தில் டூமின் முகமூடி காணப்படுகிறது என்று சொன்னாலும் மிகையன்று.

2009இல் ஜோனதன் ஹிக்மன் எழுதிய கதை இதனை இன்னும் கூர்மையாக்குகிறது. பல உலகங்களின் ரீட்கள் ஒன்றுகூடி எல்லாச் சிக்கல்களையும் தீர்க்கும் ஒரு பேரவை அமைத்திருக்கின்றனர். அவர்கள் தத்தம் குடும்பங்களைத் துறந்தவர்கள். பல உலகங்களின் டூம்களைப் பிடித்து அவர்களுடைய மூளையைச் செயலறச் செய்தவர்கள். தன்னையே உறுப்பினராகக் கொண்ட அவையில் எதிர்த்துப் பேச ஒருவரும் இரார். அங்கே அறிவு உண்டு, திருத்தம் இல்லை. நம் ரீட் அவ்வவையை விட்டுத் தன் மனைவி மக்களிடம் திரும்புகிறான். பாசத்துக்காக அறிவைத் துறந்தான் என்று சிலர் இதனைக் கூறுவர். தன்னைத் திருத்தவல்லவர்கள் இருக்கும் வீட்டுக்கே அவன் திரும்பினான் என்று கூறுவதே பொருத்தமாகும்.

6. அரியணையில் டூம்

ஹிக்மன் எழுதி எசாத் ரிபிச் வரைந்த ‘சீக்ரெட் வார்ஸ்’ 2015இல் தொடங்கி 2016இல் முடிந்தது. அழிந்த உலகங்களின் துண்டுகளைச் சேர்த்து ஓர் உலகமைத்து, அதற்குத் தானே கடவுள் என்று டூம் அரியணை ஏறுகிறான். ரீட்டின் மனைவியையும் மக்களையும் தன் குடும்பமாகக் கொள்கிறான். இவ்வளவு பெற்றும் முகமூடியின் கீழ் அவனுடைய முகம் தழும்போடே இருக்கிறது. உலகைப் படைக்க வல்லவனால் தன் பழைய பிழையைத் திருத்த இயலவில்லை. பிழை உண்டென்று ஒப்புக்கொண்டாலன்றோ திருத்தம் கூடும்!

இறுதிப் போரில், இவ்வாற்றல் தன் கையில் இருந்திருந்தால் இதனினும் நன்றாகச் செய்திருப்பேன் என்று நீ எண்ணுகிறாய் அல்லவா என ரீட் வினவும்போது, டூம் ஆம் என்று ஒப்புக்கொள்கிறான். அரை நூற்றாண்டு கடந்து அவன் வாயினின்று வந்த அந்த ஒரு சொல்லோடு ஆற்றல் கைமாறுகிறது. அதனைப் பெற்ற ரீட் பழிவாங்கவில்லை. டூமின் முகத்தைக் குணமாக்குகிறான். கல்லூரி நாளில் கணக்கைத் திருத்த நீண்டபோது தட்டிவிடப்பட்ட கையே இறுதியில் முகத்தைத் திருத்துகிறது.

ஆகவே, இருவருள் அறிவாளி யார் என்னும் வினாவுக்கு நாம் காணும் விடை இது: தன் பிழையைப் பிறர் சொல்லக் கேட்டு ஏற்கும் நேரத்தில் ரீட் அறிவாளி, அவ்வாறு ஏற்காத நேரத்தில் அவனும் டூமே. டூமும், ஒப்புக்கொண்ட அந்த ஒரு கணத்தில், தன் வாழ்நாளில் எட்டிய அறிவின் உச்சியை எட்டினான். கற்றதன் அளவு மட்டும் ஒருவரை அறிவுடையவர் ஆக்குவதில்லை. நூல்களிடையே வாழும் நமக்கும், நம்முன் அமர்ந்து கற்போருக்கும், பென் கிரிம் போன்ற ஒருவர் அருகில் இருப்பது நலம். அவர் பேசும்போது அதனைக் கோழைத்தனம் என்று பழியாதிருப்பது அதனினும் நலம்.