முதல் சம்பளத்துக்கு முந்தைய கணக்கு

வளைகுடா வேலை பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே எண்ணில்தான் தொடங்கும். 2023-இல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணம் சுமார் 12,000 கோடி டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. பெரிய எண்தான். ஆனால் இதை மட்டும் வைத்துத் தொழிலாளிக்கும் அவன் ஊருக்கும் நன்மை என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இது வரவை மட்டும் சொல்கிறது. கிளம்பும் முன் அவன் வாங்கிய கடன் இதில் எங்கே இருக்கு?

எங்கள் ஊர்ப்பக்கம் விசாவுக்குப் பணம் புரட்டுவது பெரும்பாலும் மூணு வட்டிக்கு. அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று. ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்த்தேன். எண்கள் என் அனுமானம். கடன் 1,20,000. மாதம் வீட்டுக்கு வருவது 15,000. குடும்பச் செலவு 6,000 போக, 9,000 கடனுக்கு. கடன் தீர்வது 18-வது மாதம். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் அவனுக்கென்று மிஞ்சுவது ஆறேழு மாதம்தான்.

சம்பளத்தில் 3,000 குறைந்தால்? கடன் தீர 31 மாதம். ஒப்பந்தம் முடிந்தும் கடன் நிற்கும். 2020 செப்டம்பரில் மத்திய அரசு வளைகுடா நாடுகளுக்கான குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தபோது நடந்தது இந்த மாதிரி விஷயம்தான். வேலைகள் வேறு நாட்டுக்காரர்களுக்குப் போய்விடக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எதிர்ப்பு வந்தது, 2021-இல் திரும்பப் பெற்றார்கள். காரணம் முழுக்கப் பொய்யில்லை. நாம் மட்டும் ஊதியத்தை உயர்த்தினால் ஏஜென்ட் நேபாளத்துக்கோ வங்கதேசத்துக்கோ போகலாம். அதற்கு மருந்து, ஆள் அனுப்பும் நாடுகள் சேர்ந்து ஒரே அடிமட்ட ஊதியம் வைப்பது. 2003-இல் தொடங்கிய கொழும்பு செயல்முறை என்ற கூட்டமைப்பு அதற்கான மேடை. நாம் செய்ததோ நம் ஆளின் விலையை நாமே குறைத்தது.

குறைந்த வட்டிக் கடன் கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். வங்கதேசத்தில் இதற்கென்றே பிரவாசி கல்யாண் வங்கி இருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் என் கணக்கில் 15,000 சம்பளத்தை அப்படியே வைத்து, வட்டியை மாதம் ஒரு சதவீதமாக்கினால் 18 மாதம் 15 ஆகிறது, அவ்வளவுதான். மூணு வட்டியையே வைத்துக்கொண்டு கடனை 40,000 ஆக்கினால் ஐந்தே மாதம்! ஆக, பிரச்சினையின் வேர் வட்டியை விடக் கட்டணத்தில்தான் இருக்கு.

சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ரசீது இல்லாமல் துணை ஏஜென்ட் வாங்குவதை இந்த வரம்பு தொடுவதில்லை. தொழிலாளியிடம் கட்டணமே கூடாது என்பது 1997-இல் வந்த ஐ.எல்.ஓ.வின் 181-வது உடன்படிக்கையின் பொது விதி. இந்தியா அதை ஏற்கவில்லை. ஆள் தேவைப்படுகிறவர் முதலாளி. ஆள் பிடிக்கும் செலவும் அவருடையதுதானே?

ஊர் வளர்ச்சி என்பதும் இங்கேதான் வருது. ஐந்து மாதத்தில் கடன் அடைத்தவன் மீதிப் பணத்தில் ஒரு போர்வெல் போடலாம், பட்டறை வைக்கலாம். 18 மாதம் அடைத்தவனின் உழைப்பில் வளர்வது வட்டிக்கடை. அதனால் வந்த டாலரை எண்ணும்போது, கடன் தீர எத்தனை மாதம் ஆச்சு என்பதையும் சேர்த்து எண்ணுங்கள் என்பதே என் வாதம்.