ஒரே கோட்டில் அடங்காத மூளை

சராசரி ரத்த அழுத்தம் 60 முதல் 150 மி.மீ. பாதரசம் வரை எங்கே இருந்தாலும் மூளையின் ரத்த ஓட்டம் மாறாது, 60-க்குக் கீழே போனால்தான் சரியும். மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் வரைபடம் போட்டுப் படிக்கிறார்கள். டென்மார்க்கின் நீல்ஸ் லாசன் 1959-இல் எழுதிய மறுஆய்வுக் கட்டுரையின் வழிவந்த படம் இது. இதன் அடிப்படைக் கருத்தில் எனக்குச் சண்டை இல்லை. அழுத்தம் குறைந்தால் மூளையின் நுண்தமனிகள் விரிந்து ஓட்டத்தைக் காக்கின்றன. சிக்கல் அந்தத் தட்டையான கோட்டிலும் அந்த 60 என்ற எண்ணிலும்தான்.

லாசன் ஒரே மனிதரின் அழுத்தத்தை மேலிருந்து கீழே இறக்கி அளக்கவில்லை. 7 ஆய்வுகளிலிருந்து வெவ்வேறு குழுக்களின் சராசரிகளைப் புள்ளிகளாக வைத்தார். கர்ப்பகால நச்சுநிலையில் இருந்தவர்கள், உயர் அழுத்த நோயாளிகள், மருந்தால் அழுத்தம் இறக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே கோட்டில் சேர்ந்துகொண்டார்கள். விழித்திருக்கும் பெரியவர்களுக்குக் கீழ் எல்லை சராசரியாக 70-க்குக் குறையாது என்று மயக்க மருத்துவர் ஜான் டிரம்மண்ட் 1997-இல் வாதிட்டது நியாயமே. நெடுநாள் உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த எல்லை இன்னும் மேலே நகர்கிறது.

இதைவிடப் பெரிய குறை அளவீட்டிலேயே இருக்கிறது. அன்று கையாண்ட கெட்டி–ஷ்மிட் முறை, நைட்ரஸ் ஆக்சைடை முகரவைத்து, தமனி ரத்தத்தையும் கழுத்துச் சிரை ரத்தத்தையும் ஒப்பிடும். கிடைப்பது மூளை முழுவதற்குமான சராசரி: நிமிடத்துக்கு 100 கிராம் திசுவுக்குச் சுமார் 50 மி.லி. ஆனால் சாம்பல்பொருளுக்குப் போகும் ரத்தம் வெண்பொருளுக்குப் போவதைப்போல் மூன்று நான்கு மடங்கு. ஒரு பகுதி பட்டினி கிடந்தாலும் சராசரி அதைக் காட்டிக்கொடுக்காது.

அப்படிப் பட்டினி கிடக்கும் இடங்கள் உண்டு. முன் மூளைத் தமனியும் நடு மூளைத் தமனியும் சந்திக்கும் எல்லைப் பகுதி இரண்டுக்குமே கடைமடை. அழுத்தம் விழும்போது அதுதான் முதலில் காய்கிறது. இதயம் நின்று மீண்ட சிலருக்கு முகமும் கால்களும் இயங்க, தோளிலிருந்து இரு கைகளும் மட்டும் செயலற்றுத் தொங்குவதை நரம்பியல் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். கைகளை இயக்கும் புறணி அந்த எல்லையில் இருக்கிறது. இந்தச் சான்றை நான் முழுமையாக ஏற்கிறேன்.

அழுத்தம் விழும்போது ரத்தம் மூளைத்தண்டுக்கே முன்னுரிமையாகப் போகிறது என்ற வாதத்தை மட்டும் அப்படியே ஏற்க முடியவில்லை. தாழ் அழுத்தத்தில் பெருமூளையைவிட மூளைத்தண்டு ஓட்டத்தை நன்றாகத் தக்கவைப்பதாக விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. புறணி அழிந்தபின்னும் மூச்சு தொடரும் நோயாளிகளை மனிதச் சான்றாகச் சொல்வதுண்டு. அந்தச் சான்று போதாது. ஓர் உறுப்பு பிழைத்ததற்கு அதிக ரத்தம் கிடைத்தது காரணமாக இருக்கலாம். குறைந்த ரத்தத்தைத் தாங்கும் உயிரணுக்கள் இருந்ததும் காரணமாக இருக்கலாம். மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் சில நரம்பணுக்கள் மற்றவற்றைவிட எளிதில் மடிவது ரத்தக் குழாயின் குற்றம் மட்டுமல்ல, அந்த அணுக்களின் இயல்பும்கூட. ஓட்டத்தையும் தாங்குதிறனையும் பிரித்து அளக்காத எந்த ஆய்வும் ‘மூளைத்தண்டுக்கே முன்னுரிமை’ என்று தீர்ப்புச் சொல்ல உரிமை பெறாது.

எனவே லாசனின் கோடு பாடமாக இருக்கட்டும். அறுவை அரங்கில் அளவுகோலாக இருக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, தோள்பட்டை அறுவைக்கு நோயாளியைச் சாய்ந்து உட்காரவைக்கிறார்கள். கையில் கட்டிய பட்டையில் சராசரி 60 காட்டுகிறது. மூளை அதற்கு 25 செ.மீ. மேலே இருந்தால், ஒரு செ.மீ.க்கு 0.77 வீதம் 19 கழியும். மூளைக்கு எஞ்சுவது 41தான். உயர் அழுத்தம் பழகிய முதியவருக்கு அந்த 41 எந்தக் கணக்கிலும் பாதுகாப்பு ஆகாது. அளவை காதின் உயரத்துக்குத் திருத்தி, அவரவர் வழக்கமான அழுத்தத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்று பார்ப்பதே சரியான முறை.