சாயமேற்றிய மின்வாயும் புத்தளத்து வெயிலும்

வெயிலைக் கொண்டு நீரை வேலை வாங்குவது புத்தளத்துக்குப் புதிதல்ல. பாத்தியில் உவர்நீரைத் தேக்கிவிட்டால் மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். அதே வெயிலால் நீரைப் பிளந்து ஐதரசன் எடுக்கலாமே என்ற ஆசைக்கும் நியாயம் உண்டு: 900 மெகாவாட்டுக்காக நிலக்கரி எரிக்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இதே கரையில்தான் நிற்கிறது.

சாயமேற்றிய மின்வாய் இந்த ஆசைக்கு அழகானதொரு விடை. தைத்தேனியம் ஈரொட்சைட்டு மின்வாயில் ஒளி பட்டால் நீர் பிளவுபடும் என்று 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹொண்டாவும் காட்டினார்கள். ஆனால் பெயின்டுக்கு வெண்மை தரும் அந்தத் தூள் புறஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும். வெயிலில் அது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பிடிக்கத்தான் சாயம். ஒளி பட்டதும் சாயம் ஓர் இலத்திரனைத் தூளுக்குள் தள்ளும். அது கம்பி வழியே மறுமுனைக்குப் போய் ஐதரசனை விடுவிக்கும். சாயம் இழந்த இலத்திரனை, அதனோடு சேர்த்து வைத்த வினையூக்கி நீரிடமிருந்து பறித்துக் கொடுக்கும்.

இந்தக் கடைசிப் படியில்தான் எல்லாம் தடுமாறுகிறது. ஓர் ஒட்சிசன் மூலக்கூறு பிறக்க நீர் நான்கு இலத்திரன்களை இழக்க வேண்டும். அதற்குள் தள்ளிவிட்ட இலத்திரன் சாயத்திடமே திரும்பிவிடுகிறது. 2009இல் தாமஸ் மல்லூக் குழு ருத்தேனியச் சாயத்தையும் இரிடியம் ஒட்சைட்டு வினையூக்கியையும் இணைத்துச் செய்த கலத்தில், உறிஞ்சிய ஒளித்துகள்களில் நூறுக்கு ஒன்றளவே பயன்பட்டது. அதற்கும் வெளியிலிருந்து சிறு மின்னழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் மின்னோட்டம் பெருகியது உண்மை; நீடித்து உழைக்கும் கலம் இன்னும் வரவில்லை.

காரணம் நீரேதான். சாயத்தைத் தூளோடு பிணைக்கும் கார்பொட்சிலிக் பிணைப்பு நீரில் கழன்றுவிடும். பொஸ்போனிக் பிணைப்பு இன்னும் சற்றுத் தாங்கும். காரத்தன்மை ஏறினால் அதுவும் விடும். கடல்நீரோ இயல்பிலேயே சற்றுக் காரமானது. போதாததற்கு அதிலுள்ள குளோரைட்டு, ஒட்சிசனுக்குப் பதிலாகக் குளோரீனைக் கிளப்பும். கண்டி அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்தில் கே. தென்னகோன் குழு 1995இல் மின்சாரம் மட்டும் தரும் சாயச் சூரியக் கலத்திலிருந்து திரவத்தையே விலக்கி, திண்ம செப்பு அயடைட்டை வைத்தது. கசிவும் ஆவியாதலும் அப்படித்தான் ஒழியும். நீரையே பிளக்க வேண்டிய ஐதரசன் மின்வாய்க்கு அந்த வழி கிடையாது.

புத்தளத்துக் கற்பிட்டியில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்ற ஆட்சேபத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. ஒரு கிலோ ஐதரசனுக்கு 9 லீற்றர் நீர்தான் வேண்டும். கடல்நீரைச் சுத்திகரித்தே கொடுக்கலாம். வாயுவைச் சேகரிப்பதுதான் பெரும்பாடு. சூரியப் பலகைக்குக் கம்பி போதும். இங்கே ஒவ்வொரு கலத்துக்கும் கசியாத ஐதரசன் குழாய் வேண்டும். சாதாரணச் சூரியப் பலகையையும் மின்சாரத்தால் நீரைப் பிளக்கும் மின்பகுப்புக் கருவியையும் சேர்த்தாலே வெயிலின் ஆற்றலில் பத்து வீதத்துக்கு மேல் ஐதரசனாகக் கிடைக்கும். கற்பிட்டிக் குடாநாட்டில் ஏற்கனவே சுழலும் காற்றாலைகள் அந்தக் கருவியை இரவிலும் ஓட்டும்.

ஆகவே ஆய்வுகூடத்தில் இதற்குப் பணம் ஒதுக்குவது சரி. புத்தளம் களப்புக் கரையில் மாதிரித் திட்டத்துக்குக் காணி கேட்டு யாராவது வந்தால், சாயம் உப்புநீரில் எத்தனை நாள் நின்றது என்று முதலில் கேளுங்கள்.