'பிரீ' என்றால் இலவசம் மட்டுந்தானா?

ஆங்கிலத்தில் 'பிரீ' என்னும் பெயரடை உருவிற் சிறியது, ஆட்சியிலோ பெரியது. அதனை எங்குக் கண்டாலும் 'இலவசம்' என்று பெயர்த்துவிட்டு அமைதியடைவது நம்மவர் பலரின் வழக்கம். அவ்வழக்கம் பொருளை எவ்வாறு கெடுக்கிறது என்பதற்குப் பினாங்கிலேயே இரண்டு சான்றுகள் உள.

ஹட்சிங்ஸ் பாதிரியார் 1816ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பள்ளி 'பினாங்கு பிரீ ஸ்கூல்'. பெயரைக் கேட்டவுடன், சம்பளம் வாங்காத பள்ளி என்று பலர் எண்ணுவர். இனமும் சமயமும் பாராது எல்லார்க்கும் கதவு திறந்த பள்ளி என்பதே அப்பெயரின் கருத்து. 'இலவசப் பள்ளி' என்று சொல்லும்போது, பிள்ளைக்குரிய சம உரிமை மறைந்து, பிறர் இட்ட தருமம் மட்டுமே தெரிகிறது. இது சிறு பிழையன்று.

மற்றொன்று துறைமுகம். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டபோது, வணிகரை ஈர்க்கும் பொருட்டு அதனைப் 'பிரீ போர்ட்' ஆக்கினார். அந்தத் தகுதி 1969இல் நீக்கப்பட்டது. அங்கு எந்த வணிகனும் சரக்கைச் சும்மா கொடுத்ததில்லை. சுங்கத் தீர்வைதான் இல்லை. ஆதலின் அது 'தீர்வையில்லாத் துறைமுகம்', இலவசத் துறைமுகமன்று.

'அடிமையல்லாத' என்பது இச்சொல்லின் பழம்பொருள்; விலையின்மை பின்னர் வந்து சேர்ந்தது. 'நண்பன்' எனப் பொருள்படும் 'பிரெண்ட்' என்னும் சொல்லும், நாம் வடமொழியினின்று பெற்ற 'பிரியம்' என்பதும் இதனோடு ஒரு வேரின என்பர் மொழிநூலார். அன்புக்குரியோர், வீட்டார், அடிமையல்லாதார் எனப் பொருள் வளர்ந்தது.

எனவே பெயர்ப்போர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: எதனினின்று நீங்கியது? விலையினின்று நீங்கினால் இலவசம். வேலையினின்று நீங்கினால் ஓய்வு. சிறையினின்று நீங்கினால் விடுதலை. ஆளின்றி இருந்தால் காலி இடம். 'சுகர் பிரீ' என்று எழுதிய டப்பாவைக் கண்டு, சர்க்கரை இலவசம் என்று எவரும் மகிழ்வதில்லையே! அங்கே காட்டும் தெளிவை மற்ற இடங்களில் ஏன் கைவிடவேண்டும்?

தமிழால் இது முடியாததன்று. கணினித் துறையினர் 'பிரீ சாப்ட்வேர்' என்பதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்றனர். விலையன்று, உரிமையே அங்குக் கருத்து என்பதை அச்சொல் ஐயமின்றி உணர்த்துகிறது. ஆங்கிலச் சொல்லில் உள்ள மயக்கம் தமிழில் இல்லை.

பள்ளியின் பெயரை மாற்றவேண்டுவதில்லை. பாடஞ் சொல்லும் ஆசிரியர், 'எல்லார்க்கும் திறந்த பள்ளி' என்று ஒருமுறை விளக்கினாற் போதும். மாணவன் ஒரு சொல்லோடு ஒரு கொள்கையையும் கற்றவனாவான்.