கொட்டகைத் தொண்டை: எஸ். என். லட்சுமியை முன்வைத்துச் சில குறிப்புகள்

2012 பிப்ரவரி 20-ஆம் தேதி எஸ். என். லட்சுமி இறந்துபோனார். பத்திரிகைகளில் வந்த இரங்கற்குறிப்புகளில் இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வந்தன. 1000-க்கும் மேற்பட்ட நாடகங்கள், 200 திரைப்படங்கள். இரண்டாவது எண்ணை வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளலாம். டைட்டில் இருக்கிறது, பாட்டுப் புத்தகம் இருக்கிறது, குறுந்தகடு இருக்கிறது. முதல் எண்ணை என்ன செய்வது? 1000 நாடகமா, அல்லது 1000 இரவுகளா என்றுகூட யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒருவருடைய வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி எதுவோ அது ஒரு முழு எண்ணாகச் சுருட்டப்பட்டு ஓரத்தில் வைக்கப்பட்டுவிட்டது. எனக்குத் தெரிந்த வட்டத்தில் ஒருத்தரும் அவரைப் பற்றி ஒரு பாரா எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இந்தக் குறிப்புகள் அந்தக் கடனை அடைக்க வந்தவை அல்ல. ஏன் எழுதாமல் போனோம் என்று கேட்டுக்கொள்வதற்காக.

'குணச்சித்திர நடிகை' என்று எழுதியிருந்தார்கள். அம்மா வேஷம், பாட்டி வேஷம் போடுகிறவர்களுக்குத் தமிழ் சினிமாப் பத்திரிகை கண்டுபிடித்த கௌரவமான சொல் அது. கதாநாயகிக்கு உடல் உண்டு, வில்லிக்கு வன்மம் உண்டு, இவர்களுக்குக் குணம் மட்டும்தான் உண்டு என்று பொருள்.

திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு விருதுநகர்க்காரியைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். 1910-இல் ராமநாதபுரம் ஜில்லாவைப் பிரிக்கிற வரைக்கும் அந்த மண்ணும் திருநெல்வேலி ஜில்லாதான். எஸ் என்பது செந்நெல்குடி. பெயரில்தான் செந்நெல், அந்தப் பக்கம் வானம் பார்த்த பூமி. தாமிரவருணிக் கால்வாய்த் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பெயரே ஒரு கேலி மாதிரித் தோன்றும். 1927-இல் பிறந்ததாகச் சொல்கிறார்கள். ஏராளமான பிள்ளைகள் பிறந்த வீட்டில் ஒரு பிள்ளை. சின்ன வயசிலேயே வீட்டை விட்டு வெளியேறி நாடகத்துக்குள் போய்விட்டார். என். எஸ். கிருஷ்ணனின் குழுவில் பழகினார், பிற்பாடு பாலசந்தரின் நாடகங்களிலும் நடித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாழ்க்கைக் குறிப்பு என்று இவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடிகிறது. அந்தக் கல்யாணம் ஆகாத பெண்தான் அரை நூற்றாண்டு காலம் தமிழர்களுக்குத் தாயாகவும் மாமியாராகவும் பாட்டியாகவும் நின்றார்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982-இல் வந்தது. அதற்குப் பிறகு பாளையங்கோட்டை டீக்கடை பெஞ்சில்கூடக் குறி, குறிப்பான், குறிப்பீடு என்றுதான் பேச்சு. லாரா மல்வி 1975-இல் எழுதிய கட்டுரையின் ஜெராக்ஸ் ஒன்று கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்து சேர்ந்தபோது பாதி எழுத்து அழிந்திருந்தது. அழிந்த இடங்களை நாங்களே நிரப்பிக்கொண்டோம். அந்தச் சூட்டில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். தமிழ் சினிமாவில் தாய்ப் பாத்திரம் என்பது இச்சை நீக்கப்பட்ட உடல், தாய்மைக் கருத்தியலின் வெற்றுக் குறிப்பான் என்று. 'குடியிருந்த கோயில்' (1968) படத்தில் தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்த எம்.ஜி.ஆருக்குப் பண்டரிபாய் தாயாக வருவதைச் சுட்டிக்காட்டி, வயதை நிர்ணயிக்கிற அதிகாரம் யாருடையது என்று கேட்டிருந்தேன். எழுதியது இன்றைக்கும் தப்பு என்று நினைக்கவில்லை. ஆனால் போன மாதம் பழைய கட்டுக்களைப் பிரித்தபோது அதை மறுபடி வாசித்தேன். பண்டரிபாய் பெயர்கூட அதில் 'அந்நடிகை' என்றுதான் வருகிறது. பாத்திரத்தைக் கட்டுடைத்தவன் அந்தப் பாத்திரத்தைச் செய்தவளைப் பார்க்கவே இல்லை. பார்வை பற்றி எழுதிய கட்டுரை அது!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே காலத்தில் நாங்கள் வீதி நாடகம் போட்டுத் திரிந்தோம். குழுவில் பெண் கிடையாது. வரதட்சணைக் கொடுமை பற்றிய நாடகத்தில் சேலை கட்டிக்கொண்டு மாமியாராக நின்றது நான்தான். கைதட்டல் எனக்கு. 'அசத்திட்டியேடே, அப்படியே பொம்பளையாவே நின்னுட்டே' என்று தோழர்கள் கட்டிப்பிடித்தார்கள். ஒரு தடவை ஒரு பெண் ஒத்திகைக்கு வந்தார். பத்துப் பதினோரு நாள் வந்திருப்பார். அப்புறம் அவருடைய அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி நிலப்பிரபுத்துவ மதிப்பீடுகள் குறித்து நாங்கள் இரண்டு மணி நேரம் விவாதித்தோம். ஒன்பது மணிக்கு ஒத்திகை முடிந்த பிறகு அந்தப் பெண் எந்த வழியாக, யாரோடு வீட்டுக்குப் போனார் என்று அந்தப் பதினோரு நாளில் ஒருநாள்கூட நாங்கள் விசாரித்ததில்லை.

சேலை கட்டிய ஆணுக்குக் கைதட்டுவது எங்கள் குழுவின் கண்டுபிடிப்பு அல்ல. இந்தப் பக்கத்து மரபே அதுதான். சுடலை மாடன் கொடையில் கணியான் கூத்தாடும்போது அண்ணாவிக்கு முன்னால் சலங்கை கட்டி ஆடுகிற இரண்டு 'பெண்'களும் ஆண்கள். (வில்லுப்பாட்டில் பெண்கள் தலைமைப் பாட்டுக்காரர்களாகவே இருந்திருக்கிறார்கள். அது தனியே எழுத வேண்டிய விஷயம்.) தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கியது பாலர் சபை. ஸ்திரீபார்ட் உட்பட எல்லாம் பையன்கள். அந்தச் சபையிலிருந்து வந்தவர்தான் டி. கே. சண்முகம். ஔவையாராக வேஷம் கட்டி நடித்தார், ஔவை சண்முகம் என்றே பேராகிவிட்டது. சென்னையில் லாயிட்ஸ் ரோடு ஔவை சண்முகம் சாலை ஆயிற்று. அவருடைய நடிப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். ஒரு ஆண் கிழவியாக நடித்தால் அது கலை, உழைப்பு, சாதனை. ஒரு பெண் கிழவியாக நடித்தால் அது இயல்பு. அவள் எப்படியும் கிழவி ஆகப்போகிறவள்தானே, அதில் நடிப்பதற்கு என்ன இருக்கிறது? 'இயல்பான நடிப்பு' என்று எஸ். என். லட்சுமிக்கு விமர்சகர்கள் கொடுத்த பாராட்டு, உண்மையில் அவருடைய உழைப்பைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்கிற பாராட்டு.

'சர்வர் சுந்தரம்' (1964) படத்தை எடுத்துக்கொள்வோம். நாகேஷ் பிறந்தது 1933. 1927 என்கிற கணக்குச் சரியென்றால் ஆறு வயசு மூத்த அம்மா. முப்பத்தேழு வயதில் ஒரு பெண் தன் முதுகை, நடையை, கண்ணிமையை எல்லாம் கிழடாக்கிக்கொண்டு நிற்கிறாள். சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு முகத்துக்கு எதிரே, சிரிப்பில் கலந்துகொள்ளாமலும் அதைக் கெடுக்காமலும் நிற்க வேண்டும். நாகேஷ் அப்போது காற்றில் ஆடுகிற கொடி மாதிரி இருந்தார். பக்கத்தில் ஒரு கம்பு அசையாமல் நின்றால்தான் கொடி ஆடுவது தெரியும். மகன் நட்சத்திரமாகி, படப்பிடிப்பில் இருக்கும்போதே தாய் இறந்துபோகிறாள். பார்த்தவர்களுக்கெல்லாம் நாகேஷின் அழுகைதான் ஞாபகம். அந்த அழுகைக்கு ஒரு படம் முழுக்கச் சேர்த்து வைத்த முதல் யாருடையது?

அப்புறம் 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). போகிற இடத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்து மறைத்துக்கொள்கிற பாட்டி. நான் நகைச்சுவைப் படங்களை ரொம்ப மதிக்கிறவன் இல்லை, ஆனால் இந்தப் பாட்டியிடம் தோற்றேன். 'இச்சை நீக்கப்பட்ட உடல்' என்று நான் எழுதினேன் அல்லவா, அந்த உடல் இதோ வெட்கமில்லாமல் ஆசைப்படுகிறது. பொருளின் மேல்தான் ஆசை. கிழவிக்கு வேறெதில் ஆசையைக் காட்ட சினிமா அனுமதிக்கும்? திருடுகிற அந்தக் கையில் பயம் இல்லை, ஒரு குழந்தையின் மும்முரம் இருக்கிறது. கரிசல்காட்டில் பிறந்தவர் அதில் பாலக்காட்டு அய்யர் வீட்டுத் தமிழ் பேசுகிறார். 'விருமாண்டி'யில் (2004) தெக்கத்திக் கிராமத்துக் கிழவியாக முற்றிலும் வேறொரு தமிழ். சாதிக்கொரு தமிழ், ஊருக்கொரு தமிழ் என்று நாம் மொழியியல் கட்டுரை எழுதுகிறோம். அவர் அதை நாக்கிலேயே வைத்திருந்தார்.

'மகாநதி'யை (1994) பற்றி நிறையச் சொல்ல மனமில்லை. ஜெயிலுக்குப் போன மருமகனின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்டணத்தில் தத்தளிக்கிற மாமியார். அந்த வீடு சரிகிறபோது முதலில் தெரிவது அவர் முகத்தில்தான்.

கடைசிக் காலத்தில் டி.வி.க்கு வந்தார். சன் டி.வி.யில் 'தென்றல்', விஜய் டி.வி.யில் 'சரவணன் மீனாட்சி'. எண்பது வயதைத் தாண்டியவர். சீரியலில் பாட்டிக்கு என்ன வேலை? சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது ஒரு அதிர்ச்சியான வசனம் சொன்னால் காமிரா வரிசையாக எல்லா முகத்துக்கும் போய்விட்டு அவர் முகத்துக்கும் வரும், பின்னணி இசை இடிக்கும். நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் குரலை எறியக் கற்றுக்கொண்ட ஒருவரை மௌனமாக ஒரு நெருக்கச் சட்டகத்துக்குள் உட்காரவைக்கிற ஏற்பாடு இது. எங்கள் வீட்டில் அம்மா 'தென்றல்' பார்ப்பாள். நான் அடுத்த அறையில் எழுதிக்கொண்டிருப்பேன், எரிச்சலோடு சத்தத்தைக் குறைக்கச் சொல்வேன். ஒருநாள் அம்மா சொன்னாள்:

'ஏல, இவ நாடகக்காரில்லா. கொட்டகையில கத்திப் பழகுன தொண்டை. நீ எவ்வளவு கொறச்சாலும் இவ பேசுறது மட்டும் கேக்கு.'

உண்மைதான். மற்றவர்கள் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறார்கள். இவர் வினைமுற்று வரைக்கும் ஒரே மூச்சில் கொண்டுபோய் இறக்கி வைக்கிறார். மைக் இல்லாத காலத்தில், கடைசி வரிசையில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறவனுக்கும் கதை போய்ச் சேர வேண்டும் என்று வந்த பழக்கம். அந்த 1000 நாடகங்களுக்கு ஆவணம் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேனே, ஆவணம் இருந்தது, அந்தத் தொண்டையில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் அம்மா அதை வாசித்துவிட்டாள். பிரதி, பிரதி என்று எழுதிக்கொண்டிருந்த நான் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா சொன்னதற்குப் பிறகுதான் அந்தத் தொண்டை இன்னும் எங்கெங்கே உயிரோடு இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினேன். ஸ்பெஷல் நாடகத்தில் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்'தான் பெரும்பாலும். ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்து, பபூனை வேறெங்கிருந்தோ தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பு. விடிய விடிய நடக்கும். சூசன் சைசர் என்கிற அமெரிக்க ஆய்வாளர் மதுரையைச் சுற்றி இந்தக் கலைஞர்களோடு கூடவே அலைந்து 2005-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாடகத்தைவிட, நடிகைகள் நாடகத்துக்குப் போய்வருகிற பாதையைப் பற்றி அதில் எழுதியிருப்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. எப்படி வேனில் மற்ற நடிகைகளோடு சேர்ந்தே போகிறார்கள், ஊர்க் கண்ணில் படாமல் எப்படி மேடைக்குப் பின்னால் இறங்குகிறார்கள், தங்களைக் 'குடும்பப் பெண்' என்று நிரூபிக்க எத்தனை வேலை செய்கிறார்கள் என்று. கூத்தி என்கிற சொல்லை வசையாக்கி வைத்திருக்கிற மொழியில் அது தேவைப்படுகிறது. கூத்தாடி என்று ஆணைச் சொன்னால் ஏளனம். அதையே பெண்ணுக்குச் சொன்னால் அவள் ஒழுக்கத்தின் மேல் தீர்ப்பு. அம்மா வேஷம் ஒரு நடிகைக்கு என்ன பாதுகாப்பைக் கொடுத்திருக்கும் என்று நான் அப்போதுதான் யோசித்தேன். கருத்தியல் அவளைச் சிறைவைத்தது என்று எழுதினேனே, அந்தச் சிறைக்குள் ஒரு தாழ்ப்பாள் உள்பக்கமாகவும் இருந்திருக்கலாம்.

சேரன்மகாதேவிக்கு அந்தாண்டை ஆற்றங்கரையில் ஒரு ஊர். அம்மன் கொடைக்கு 'வள்ளி திருமணம்' வைத்திருந்தார்கள், போயிருந்தேன். வள்ளியாக வந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தர்க்கம் தொடங்கியது. நாரதர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அந்த அம்மா ஆற அமரப் பதில் சொன்னார், சொல்லிவிட்டு ஒரு எதிர்க்கேள்வி வைத்தார். அவர் வயதைப் பற்றி முன்வரிசையில் ஒருத்தன் அசிங்கமாக ஒன்று கத்தினான். அவர் நிறுத்தவில்லை, குரலைக் கொஞ்சம் ஏற்றினார், அவ்வளவுதான். அவன் சத்தம் அமுங்கிப்போனது.

விடிந்த பிறகு படித்துறைக்குப் போகிற பாதையில் அவரைப் பார்த்தேன். அரிதாரம் பாதி கலைந்திருந்தது. கூட வந்த டான்ஸ்காரப் பெண் குடத்தில் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள், பெண்டுகள் குளிக்கிற நேரமாம். நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று சொல்லி, எஸ். என். லட்சுமியைத் தெரியுமா என்று கேட்டேன். பெயரைச் சொன்னதும் தெரியவில்லை. 'தென்றல்' பாட்டி என்றதும் முகம் மலர்ந்தது.

'அவங்களா? அவங்க நம்ம ஆளுண்ணே. தொண்டையைக் கேட்டாலே தெரியுமே.' முகத்தைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, 'எனக்கு வள்ளி இன்னும் எத்தனை வருசத்துக்குக் குடுப்பாங்கன்னு தெரியல. டி.வி.யில பாட்டி வேசத்துக்கு ஒரு நாளைக்கு என்ன குடுப்பாங்க, உங்களுக்குத் தெரியுமாண்ணே?' என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.